பாட்டியின் மேஜை எங்கே?

எங்கள் ஊர் ஸ்ரீபெரும்புதூர். 1017-ஆம் ஆண்டில் உடையவர் ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம். அவரை ஆதிசேஷனுடைய அவதாரம் என்று சொல்வது சம்பிரதாயம். ஆதிசேஷனோ பூமியைத் தலைமேல் தாங்குகிறவன். ஆகையால், "பூமியைத் தாங்குகிறவனே வந்து பிறந்த ஊரடா இது! இது எப்படி ஆடும்?" என்பது என் தாயாரின் சித்தாந்தம். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகத் தொடங்கிய நாள் முதல் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் இரவும் பகலும் ஆடிக்கொண்டிருக்கின்றன. அதை மட்டும் அம்மா கணக்கில் சேர்ப்பதில்லை.

சென்ற வாரம் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய குமாரன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினீயர். கம்பெனியார் அவனை இரண்டு வருஷத்துக்கு ஜப்பானுக்கு அனுப்பப் போகிறார்களாம். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகலாம் என்று உத்தரவு. வீட்டில் பெரிய கலவரம்.

"நீங்கள்தான் ஸார் சொல்ல வேண்டும். பையன் போகட்டும், சம்பாதிக்கட்டும். அந்தப் பச்சைக் குழந்தையை எதற்காகப் பூகம்ப தேசத்துக்குக் கொண்டுபோக வேண்டும்? உங்கள் தங்கை பல வருஷமாக அங்கேதானே இருக்கிறாள்?" என்றார்.

இந்தப் பிரதேசத்தில் இது இப்போது பல வீடுகளில் கேட்கும் கேள்வி. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாக்காரர்களின் மோட்டார் தொழிற்சாலை வேலை தொடங்கிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கூட்டுத் தொழிற்சாலை திறந்தது. ஏரியும் வயலும் வேலிக்காத்தானுமாக இருந்த இடத்தில் பல தேசத்துக் கொடிகள் பறக்கின்றன. அந்தத் தேசங்களிலிருந்து ஜனங்கள் இங்கே வருகிறார்கள். நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். ஆகவே போஸ்ட்மாஸ்டருக்குச் சொன்ன பதிலை நேயர்களுக்கும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். அதில் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

என் தங்கை 2010-ஆம் ஆண்டில் கணவனுடனும் இரண்டு வயதுப் பெண் குழந்தையுடனும் யோகோஹாமாவுக்குப் போனாள். புறப்படுவதற்கு முன் ஒரு மாத காலம் வீட்டில் அழுகை. "ஆடாத பூமி இருக்கும்போது ஆடுகிற பூமிக்கு எதற்காகப் போக வேண்டும்?" என்று அம்மா கேட்டாள். மாப்பிள்ளை பொறுமைசாலி. "அத்தை, நமக்கு ஆதிசேஷன், ஜப்பானியர்களுக்கு ஒரு கெளுத்தி மீன். பூமிக்கு அடியில் அது படுத்திருக்கிறதாம். காஷிமா என்கிற தேவதை அதன் தலைமேல் ஒரு கல்லை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாராம். தேவதை கொஞ்சம் அசந்தால் மீன் வாலை ஆட்டும்" என்றார். அம்மா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அந்தத் தேவதைக்கு நம் சேஷனைப்போல் ஆயிரம் தலை இல்லை, பாவம்!" என்றாள். அழுகை கொஞ்சம் குறைந்தது.

அங்கே போய்ச் சேர்ந்ததும் தங்கை எழுதியவற்றைப் படித்தபோது எனக்கு வேடிக்கையாகவே இருந்தது. வாசற்கதவருகே ஒரு பை. அதில் மூன்று நாளைக்குத் தண்ணீர், பிஸ்கோத்து, டார்ச் விளக்கு, பாஸ்போர்ட்டின் நகல், குழந்தையின் மருந்து. அலமாரிகள் எல்லாம் சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தன. படுக்கும் இடத்துக்கு மேலே ஒரு படம்கூட மாட்டக்கூடாதாம். பலத்த அதிர்ச்சி கண்டால் காஸ் மீட்டர் தானாகவே அடைத்துக்கொள்ளுமாம். குழந்தையின் பாலர் பள்ளியில் ஒவ்வொரு நாற்காலியிலும் பஞ்சு வைத்துத் தைத்த குல்லாய் ஒன்று தொங்குகிறதாம்; மணி அடித்தால் குழந்தைகள் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைய வேண்டும். "இங்கே அரிச்சுவடிக்கு முன்னால் மேஜைக்குக் கீழே புகுவதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அண்ணா" என்று எழுதியிருந்தாள்.

அவளிடமிருந்து நான் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம், அங்கே பூகம்பத்தை இரண்டு விதமாக அளக்கிறார்கள் என்பது. பூமிக்குள் வெளிப்பட்ட சக்தி எவ்வளவு என்பது ஒரு கணக்கு. பத்திரிகைகளில் நாம் படிக்கும் எண் அது. நம் காலடியில் எவ்வளவு ஆடிற்று என்பது மற்றொன்று. இரண்டாவதற்குச் சூன்யம் முதல் ஏழு வரையில் படிகள் வைத்திருக்கிறார்கள். ஒரே பூகம்பம் ஓர் ஊரில் ஏழாக இருக்கும்; முந்நூறு மைலுக்கு அப்பால் மூன்றாக இருக்கும். "ஜப்பானில் ஒன்பது அளவில் பூகம்பம்" என்று இங்கே கேட்டவுடன் நம் பிள்ளை இருக்கும் வீடே விழுந்துவிட்டதாக நினைத்து அலறுவது, இந்த வித்தியாசம் தெரியாததால் வரும் வினை. நாங்களும் ஒரு நாள் அப்படி அலறினோம்.

அதற்கு முன், தங்கை எழுதிய இன்னொரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யோகோஹாமாவில் கடலோரமாக யாமஷிதா பூங்கா என்று ஒரு தோட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையை அங்கே அழைத்துப் போவாள். அதன் ஒரு மூலையில் நம் நாட்டுச் சிற்ப முறையில் கவிந்த ஒரு சிறு மண்டபமும், அதில் குடிநீர்க் குழாயும் இருப்பதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். விசாரித்தாள். அது 1930-களின் பிற்பகுதியில் அங்கிருந்த இந்திய வர்த்தகர்கள் கட்டிக்கொடுத்தது.

1923 செப்டம்பர் 1-ஆம் தேதி, பகல் 11 மணி 58 நிமிஷத்துக்குத் தோக்கியோவையும் யோகோஹாமாவையும் பெரும் பூகம்பம் உலுக்கிற்று. மத்தியான்னச் சமையல் நேரம். வீடுகள் மரத்தினால் ஆனவை. சரிந்த வீடுகளில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. காற்றும் சேர்ந்துகொண்டது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரை நெருப்புத்தான் கொன்றது. பட்டு வியாபாரம் செய்துகொண்டு அங்கே குடியிருந்த இந்தியர்களிலும் பலர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களில் அநேகர் கோபே நகருக்குப் போய்விட்டார்கள். யோகோஹாமாக்காரர்கள் அவர்களைத் திரும்ப அழைத்து, வீடும் கடையும் அமைத்துக்கொடுத்தார்கள். அந்த நன்றிக்காகவும், மாண்ட நம்மவர்களின் ஞாபகத்துக்காகவும் எழுந்ததுதான் அந்தக் குழாய் மண்டபம். அந்தப் பூங்காவே பூகம்பத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டித் தூர்த்த நிலத்தின்மேல் 1930-இல் திறக்கப்பட்டதுதான்.

இதைக் கேட்டு நெஞ்சம் நெகிழ்வது நியாயம். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விடக்கூடாது. அதே பூகம்பத்தை அடுத்த நாட்களில், கொரியர்கள் கிணறுகளில் விஷமிடுகிறார்கள் என்று ஒரு பொய் வதந்தி பரவிற்று. ஆயிரக்கணக்கான கொரியர்கள் தெருவிலே கொலையுண்டார்கள். அவர்களும் பிழைப்பைத் தேடிப் பிறநாட்டுக்கு வந்தவர்கள்தான். அந்நியனாக இருப்பவனுக்குப் பூகம்பம் ஓர் அபாயம். அதன் பின் கிளம்பும் வதந்தி இரண்டாவது அபாயம். இந்தப் பாடம் எங்கள் ஊருக்கும் தேவையானது. இன்று எங்களைச் சுற்றியுள்ள விடுதிகளில் பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் குடியிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு விபத்து என்றால், அவர்களுக்குப் புரியும் பாஷையில் "இந்தப் பக்கம் வா" என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2011 மார்ச்சு 11, வெள்ளிக்கிழமை. ஜப்பானில் மத்தியான்னம் 2 மணி 46 நிமிஷம்; நமக்குக் காலை 11 மணி 16 நிமிஷம். நான் வகுப்பில் இருந்தேன். இடைவேளையில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது ஒருவர் டெலிவிஷனைக் காட்டினார். கருநிறக் கடல் வயல்களின்மேல் ஏறி வந்துகொண்டிருந்தது. வீடுகள் படகுகளைப்போல் மிதந்தன. வீட்டுக்கு ஓடினேன். அம்மா சுவாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தங்கையின் டெலிபோன் ஒலிக்கவே இல்லை. மாப்பிள்ளையின் டெலிபோனும் அப்படியே. ராத்திரி பத்து மணி வரையில் நாங்கள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பத்து மணிக்கு மேல் மூன்று வரிச் செய்தி ஒன்று வந்தது: "மூவரும் சேர்ந்து இருக்கிறோம். வீடு நிற்கிறது. அம்மாவைச் சாப்பிடச் சொல்."

நடந்ததைப் பிற்பாடு தெரிந்துகொண்டோம். பூகம்பத்தின் மையம் வடகிழக்குக் கடலில் இருந்தது. குரிஹாரா என்னும் நகரில் ஆட்டம் ஏழாவது படியைத் தொட்டது. தோக்கியோ, யோகோஹாமாப் பக்கங்களில் ஐந்தாவது படி. ஐந்தாவது மாடியில் இருந்த தங்கை மேஜைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் பல நிமிஷங்கள் நீடித்தது. நின்றதும் படிகளில் இறங்கிப் பாலர் பள்ளிக்கு ஓடினாள். அங்கே முற்றத்தின் நடுவில் குழந்தைகள் குல்லாய் தரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை ஆஜர்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தங்கை பாய்ந்து குழந்தையைத் தூக்கப் போனாள். ஆசிரியை ஒரு கையால் தடுத்துவிட்டு மறு கையால் காகிதத்தை நீட்டினாளாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு, மணியையும் குறித்துக்கொண்டு, பிறகுதான் குழந்தையைக் கொடுத்தாள். "எனக்கு அப்போது கோபம் வந்தது, அண்ணா. ராத்திரி படுக்கையில் நினைத்துப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. அவளுக்கும் எங்கேயோ ஒரு குழந்தை இருந்திருக்குமே!" என்றாள் தங்கை.

ரயில்கள் நின்றுவிட்டன. மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து நடந்தே நள்ளிரவுக்குச் சமீபமாக வீடு சேர்ந்தார். லட்சக்கணக்கான ஜனங்கள் அன்று அப்படி நடந்தார்கள். கோபே நகரத்தில் 1995-இல் நடந்த பூகம்பத்துக்குப் பிறகு, 171 என்ற எண்ணில் உறவினருக்குக் குரல் செய்தி விட்டுவைக்கும் ஏற்பாடு ஒன்றை அங்கே செய்திருக்கிறார்கள். மாதம் தவறாமல் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் ஜனங்கள் அதைப் பழகிப் பார்க்கலாம். அந்த எண்ணைத் தங்கையும் மாப்பிள்ளையும் பழகி வைத்திருந்ததால், டெலிபோன் பேச முடியாவிட்டாலும் ஒருவர் இருக்குமிடம் மற்றவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் தவித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நாங்கள்தான்.

அடுத்த வாரம் புகுஷிமா அணுமின் நிலையச் செய்திகள் வந்தன. அந்நியர்கள் பலர் ஜப்பானை விட்டுப் புறப்பட்டார்கள். தங்கையும் குழந்தையும் மூன்று வாரம் எங்களிடம் வந்து இருந்தார்கள். "இனிமேல் போக வேண்டாம்" என்று அம்மா சொன்னாள். நானும் சொன்னேன், கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னேன்.

வந்த இரண்டாம் நாள் ராத்திரி. சாலையில் ஒரு பெரிய லாரி போயிற்று. வழக்கம்போல் ஜன்னல்கள் கடகடவென்று ஆடின. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயதுக் குழந்தை எழுந்து, அரைக் கண்ணோடு அறை முழுவதும் தேடிற்று. பிறகு பாட்டியின் புடவையைப் பிடித்து இழுத்து, "பாட்டி, உன் மேஜை எங்கே?" என்று கேட்டது.

அம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த அறையில் மேஜை கிடையாது. அம்மாவின் தலைமாட்டில் ஆறடி உயர இரும்பு அலமாரி ஒன்று நின்றது. அதன்மேல் பித்தளை அண்டாக்கள் இரண்டு. அதற்கும் மேலே பரணில் அம்மியும் தோசைக்கல்லும் பழைய டிரங்குப் பெட்டிகளும். இவ்வளவுக்கும் அடியில் அம்மா முப்பது வருஷமாக நிர்விசாரமாய்த் தூங்கி வந்திருக்கிறாள்.

தங்கை திரும்பிப் போவதென்று முடிவு செய்தாள். காரணம் கேட்டபோது அவள் வாதம் ஒன்றும் செய்யவில்லை. "அங்கே ஆடும் என்று எல்லோருக்கும் தெரியும், அண்ணா. அதற்கு வேண்டியதைச் செய்து வைத்திருக்கிறார்கள். இங்கே ஆடாது என்று எல்லோரும் இருக்கிறீர்கள். எனக்கு இங்கேதான் பயமாக இருக்கிறது" என்றாள். எனக்கு அது அகம்பாவமாகப் பட்டது. அவள் சொன்னது நிஜமென்று ஒரு வருஷத்துக்குப் பிறகு அறிந்தேன்.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை, பிற்பகல். சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் பூகம்பம். அது ஆயிரம் மைலுக்கு அப்பால் நடந்தது. ஆனாலும் பெரிய பூகம்பங்களின் மெதுவான அலைகள் வெகு தூரம் செல்லும். கீழே நடப்பவன் உணராததை மாடியில் இருப்பவன் உணர்வான். நான் இரண்டாவது மாடியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மின்விசிறி ஊஞ்சலைப்போல் ஆடிற்று. தலை சுற்றுகிறது என்று எண்ணினேன். யாரோ ஒரு பையன் "பூகம்பம்!" என்று கத்தினான்.

அடுத்தபடியாக எனக்கு ஞாபகம் இருப்பது, நான் கீழே மைதானத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறேன். கையில் சுண்ணக்கட்டி இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் எனக்குப் பின்னால் படியில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து வந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டிடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பூமி யாரையும் காயப்படுத்தவில்லை. படிக்கட்டில் நேர்ந்த நெரிசல்தான் காயப்படுத்திற்று. அதற்கு முதலாவதாக வழிகாட்டியவன் நான். அந்தப் பெண்ணின் தகப்பனார் மறுநாள் வந்து, "நல்ல வேளை, நீங்கள் எல்லோரையும் இறக்கிவிட்டீர்களாமே!" என்று எனக்கு நன்றி சொன்னார். நான் மறுக்கவில்லை. அந்த நன்றி இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகுதான் தங்கை சொன்ன இரண்டு பள்ளிக்கூடக் கதைகளை நான் காது கொடுத்துக் கேட்டேன். 2011-இல் ஜப்பானில் மாண்டவர்களும் காணாமற்போனவர்களுமாகப் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கடல் அலையில் மாண்டார்கள். காமாய்ஷி என்னும் கடலோர ஊரில் கதாதா தோஷிதாகா என்ற பேராசிரியர் பல வருஷங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்தார். 'இவ்வளவுதான் வரும் என்று நம்பாதே. முடிந்த மட்டும் முயற்சி செய். முதலில் நீ ஓடு' என்பவை அவர் கற்பித்த மூன்று விதிகள். ஆட்டம் நின்றதும் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் மலையை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடினார்கள். பெரியவர்கள் சிறியவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். முதலில் நின்ற இடம் போதாதென்று கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அந்த ஊரில் அன்று பள்ளியில் இருந்த ஏறத்தாழ 3,000 பிள்ளைகளும் பிழைத்தார்கள்.

இஷினோமாகி நகரைச் சேர்ந்த ஒகாவா ஆரம்பப் பள்ளியில் வேறு விதமாக நடந்தது. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. ஆசிரியர்கள் எங்கே போவது என்று யோசித்துப் பிள்ளைகளைச் சுமார் ஐம்பது நிமிஷம் முற்றத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் மாண்டார்கள். பெற்றோர்களில் பலர் வழக்குத் தொடுத்தார்கள். முன்கூட்டியே தகுந்த ஏற்பாடு செய்யாதது பள்ளியும் அதிகாரிகளும் செய்த குற்றம் என்ற தீர்ப்பு 2019-இல் ஊர்ஜிதமாயிற்று.

முதலில் ஓடும்படி அங்கே பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். நானும் முதலில்தான் ஓடினேன். வித்தியாசம் என்ன? அந்தப் பிள்ளைகள் கூவிக்கொண்டு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு, பழகிய பாதையில் ஓடினார்கள். நான் வாய் திறவாமல் ஓடினேன். அன்றியும், கடலலைக்குத்தான் ஓட வேண்டும்; கட்டிடம் ஆடும்போது குனிந்து, மேஜையடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாலர் பள்ளிக் குழந்தைக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் பட்டதாரி உபாத்தியாயருக்குத் தெரிந்திருக்கவில்லை.

நம் நாட்டில் இந்த ஞானம் இல்லாமற்போகவில்லை. அதை நாம் மறந்துவிட்டோம். 1934 ஜனவரி 15-இல் பீஹாரில் பெரும் பூகம்பம் நேர்ந்தது. அப்போது நம் தமிழ்நாட்டில் ஹரிஜன யாத்திரை செய்துகொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமைப் பாவத்துக்குத் தெய்வம் அளித்த தண்டனை அது என்று சொன்னார். மகாகவி தாகூர் அதை மறுத்தார். இயற்கையின் சீற்றத்தையும் மனிதனுடைய ஒழுக்கத்தையும் முடிச்சுப் போடலாகாது என்பது அவர் கட்சி. அந்த மறுப்பைக் காந்தியடிகள் தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டார். இரு பெரியோர்களின் விவாதம் நமக்கு ஞாபகம் இருக்கிறது. அதே காலத்தில் ஒரு வாலிப இந்திய இஞ்சினீயர் செய்த காரியம் ஞாபகம் இல்லை. அவர் பெயர் எஸ். எல். குமார். 1931-இல் பலூசிஸ்தானத்தில் நேர்ந்த பூகம்பத்துக்குப் பிறகு, க்வெட்டாவில் ரயில்வே சிப்பந்திகளுக்கு அவர் வீடுகள் அமைத்தார். செங்கற் சுவருக்குள் இரும்புத் தண்டவாளங்களைச் சட்டமாக நிறுத்தினார். 1933-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதி, இந்தியாவில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு அபாயம் என்று படமும் வரைந்தார். 1935 மே 31 விடியற்காலையில் க்வெட்டா நகரம் தரைமட்டமாயிற்று. முப்பதாயிரத்துக்குக் குறையாதவர்கள் மாண்டார்கள். குமார் அமைத்த வீடுகள் நின்றன. அவற்றில் குடியிருந்தவர்கள் புண்ணியவான்கள், மற்றவர்கள் பாவிகள் என்று யார் சொல்வார்கள்? சுவருக்குள் இருந்த இரும்புதான் வித்தியாசம்.

நம் மண்ணைப் பற்றிய கர்வமும் கொஞ்சம் குறைய வேண்டியதுதான். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் பூகம்பம் நேர்ந்து சென்னை வரையில் அதிர்ந்தது. 2002-இல் வெளிவந்த இந்தியத் தர நிர்ணய விதி, சென்னையை இரண்டாவது அபாய மண்டலத்திலிருந்து மூன்றாவதற்கு உயர்த்திற்று. 2004 டிசம்பர் 26-இல், நம் கடிகாரப்படி காலை ஆறரை மணிக்கு, சுமாத்ராவில் பூமி ஆடிற்று. அலை நம் கரைக்கு வர இரண்டு மணிக்கு மேல் ஆயிற்று. அந்த நேரத்தில் நாகப்பட்டினத்துக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் போனார்கள். அதன் பிறகு 2007-இல் ஹைதராபாத்தில் கடலலை எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது.

2015 டிசம்பரில் மழை கொட்டிச் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து, அடையாறு பெருகிச் சென்னை மூழ்கியபோது, யோகோஹாமாவிலிருந்து தங்கை டெலிபோனில் கூப்பிட்டாள். குரல் நடுங்கிற்று. "அண்ணா, உங்கள் பை எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். கவலைப்படுவது இப்போது அவள் முறை. நல்ல வேளையாக என்னால் பதில் சொல்ல முடிந்தது: "வாசற்கதவுக்குப் பின்னால்" என்றேன்.

இதையெல்லாம் போஸ்ட்மாஸ்டரிடம் சொன்னேன். அவர், "அப்படியானால் குழந்தையை அனுப்பலாம் என்கிறீர்களா?" என்று கேட்டார்.

அனுப்பலாம் என்றேன், ஆனால் சில காரியங்களைச் செய்துவிட்டு. வீடு பார்க்கும்போது அது 1981-க்குப் பிறகு கட்டியதா என்று விசாரிக்க வேண்டும். அந்த வருஷத்தில்தான் ஜப்பானில் கட்டிட விதிகளைக் கடுமையாக்கினார்கள். கோபேயில் இடிந்து ஆளைக் கொன்றவை பெரும்பாலும் அதற்கு முந்திய பழைய வீடுகள். குடியேறிய முதல் நாளே அருகிலுள்ள புகலிடம் எது என்று தெரிந்துகொண்டு, மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தரம் அங்கே நடந்து பார்க்க வேண்டும். கடைக்குப் போய்க் காய்கறி கேட்பதற்கு முன்னால் 'ஓடு', 'மேலே ஏறு', 'தண்ணீர்', 'உதவி' என்ற நாலு வார்த்தைகளை ஜப்பானிய பாஷையில் கற்றுக்கொள்ள வேண்டும். பூகம்பத்தன்று இருவரும் வெவ்வேறு இடத்தில் இருந்தால் எங்கே சந்திப்பது என்று முன்னதாகவே பேசி வைத்திருக்க வேண்டும். இங்கே இருக்கிறவர்களும் ஒரு காரியம் செய்ய வேண்டும். ஓயாமல் டெலிபோனைச் சுழற்றிக்கொண்டிராமல், ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கப் பழக வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கடினம். அம்மாவுக்கு அது இன்னும் கைவரவில்லை.

"அவ்வளவு தூரத்துக்குப் போகிறவர்களுக்குச் சொன்னீர்கள். எனக்கு?" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

எழுந்து அம்மாவின் அறைக்கு அழைத்துப் போனேன். அம்மாவின் கட்டில் இப்போது எதிர்ச் சுவரோரமாக இருக்கிறது. பரண் காலி. அண்டாக்கள் தரையில். அலமாரியின் மேல்முனை இரண்டிலும் இரும்பு ஆங்கிள் வைத்துச் சுவரில் திருகி முடுக்கியிருக்கிறது. மாப்பிள்ளை ஒரு விடுமுறையில் வந்தபோது செய்த வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் கனத்த தேக்கு மேஜை ஒன்று. அதன் அடியில் அம்மா எதையும் வைக்கவிடுவதில்லை. பேத்திக்கு எப்போது வேண்டுமானாலும் இடம் வேண்டுமாம். பேத்திக்கு வயது இப்போது பதினெட்டு ஆகப் போகிறது.

என் பள்ளியில் மாதம் ஒரு தரம் மணி அடித்துப் பிள்ளைகளைப் பெஞ்சுக்கு அடியில் உட்கார வைக்கிறேன். பிறகு வரிசையாக இறக்கிப் பெயர் கூப்பிடுகிறேன். தலைமை ஆசிரியர் முதலில் நகைத்தார். இப்போது அவரும் வந்து நிற்கிறார். நான் கடைசியாக இறங்குகிறேன். உண்மையாகவே பூமி ஆடும் நாளில் என்ன செய்வேன் என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனால் கால்களுக்கு இப்போது வழி தெரியும்.

போஸ்ட்மாஸ்டர் அலமாரியை ஒரு தரம் அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று, "ஸார், அந்த ஆங்கிள் இரும்பு நம் கடைத்தெருவில் கிடைக்குமா, காஞ்சீபுரம் போக வேண்டுமா?" என்று கேட்டார்.